ஏழாம் எண்ணின் பல்தடம்

என் அலுமாரியில் ஒரு தாளின் மேல் மெழுகுத் துண்டொன்று இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் பல்தடம் ஆழப் பதிந்திருக்கிறது. விதிப்படி அது குப்பைக்குப் போயிருக்க வேண்டும். கண்டியில் ஒரு பல் ஆய்வுகூடத்தில் முப்பது வருடம் வேலை செய்து நான் மீறிய ஒரே விதி அது. மீறியிருக்க வேண்டியது வேறொன்று.

தாடையை விடாமல் இறுக்கினால் கன்னத் தசைக்கு என்ன ஆகிறது என்று எங்கள் பேராசிரியர் ஆராய்ந்தார். இறுகிய தசை தனக்கு வரும் இரத்தத்தைத் தானே நெரித்துவிடும். திரையில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் சிவப்புக் கோடு இறங்கும். வலி தாங்காமல் ஆள் கையைத் தூக்கித் தாடையை விட்டதும் இரத்தம் பாய்ந்து வர, கோடு பழைய இடத்தையும் தாண்டி ஏறும். அதை அளக்கும் உணரியைக் கன்னத்தில் ஒட்டுவதும் படிவம் நிரப்புவதும் என் வேலை. படிவத்தில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். எங்கள் கட்டடத்தைக் கூட்டித் துடைத்த அக்கா ஏழாம் எண்.

கொந்தராத்தில், ஒப்பந்தக் கூலியாக, வந்தவர்; ஊர் கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். பரிசோதனைக்கு ஆள் குறைந்த ஒரு நாள் நான்தான் அவரைக் கதிரையில் உட்கார வைத்தேன். மடியில் தாள்கள் வைத்த ஒரு பொலித்தீன் பை.

"ஒங்களுக்குத்தான் எல்லா ஃபோமும் அத்துப்படின்னு சொல்றாங்க ஐயா. மக சவூதியில இருக்கா. நாலு மாசமா பேச்சே இல்ல. எங்க எழுதிப் போடணும்?"

"முதல்ல இந்த மெழுகைக் கடிங்க அக்கா. பேசினா அளவு பிழைச்சிடும். வலிச்சா கையைத் தூக்குங்க."

கடித்தார். மற்றவர்கள் கை தூக்கும் நேரம் வந்தது, போனது. கன்னம் கல்லாகி, கண்ணில் நீர் வழிந்தது. கை மட்டும் பையை விட்டு எழவில்லை. நான் தடுக்கவில்லை. அவ்வளவு அழகான கோட்டை அதுவரை நான் பார்த்ததில்லை. கடைசியில் பேராசிரியரே வந்து நிறுத்தினார்.

"ஏன் அக்கா கையைத் தூக்கல?"

"இது பழக்கந்தாங்க ஐயா," என்று தாடையைத் தடவியபடி பையைத் திறந்தார்.

"நாளைக்குப் பாப்போம்," என்றேன். மணி நாலாகியிருந்தது; நாலு மணிக்குக் கருவியை மூடுவது விதி. படிவத்தில் 'மனக்கவலை உண்டா?' என்ற கட்டத்தில், எல்லோருக்கும் போடுவதுபோல 'இல்லை' என்று நானே போட்டேன்.

மறுநாள் துடைக்க வேறு ஆள் வந்தார்; அக்கா பிறகு வரவேயில்லை. கொந்தராத்துக்காரரிடம் விசாரித்தேன், அவருக்கும் அக்காவின் பெயர் தெரியாது, வெறும் 'கம்பளை அக்கா'தான். குப்பைக் கூடையைக் கொட்டுபவர் அக்கா; புது ஆள் இன்னும் அதைத் தொடாததால் மெழுகு அதிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்றபின், மகளைத் தேடித் தரும்படி அக்கா எழுதக் கேட்ட அந்த முறைப்பாட்டை மூன்று மொழியிலும் எழுதினேன். யாரும் குறை சொல்ல முடியாத முறைப்பாடு. மகளின் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தாயின் முகவரி என்று மூன்று இடங்கள் மட்டும் வெறுமை. அவை இல்லாமல் ஏற்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். கம்பளை பஸ் நிலையத்தில் இரண்டு தரம் விசாரித்தேன். "பேரு என்னங்க?" என்று கேட்டார்கள். ஏழு என்றா சொல்வது?

இப்போதெல்லாம் காலையில் என் தாடை வலிக்கிறது. எழுந்ததும் அலுமாரியைத் திறக்கிறேன். மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சந்தித்த இடத்தில் மெழுகு ஓட்டையாகியிருக்கிறது. அதன் வழியே, அடியில் இருக்கும் முறைப்பாட்டில் நிரப்பாத ஒரு கோடு தெரிகிறது.