பரீட்சை முடியும்வரை மிளகு பறிக்கவில்லை

போன வருடம் தை மாதம், மிளகு பறிக்கும்போது என் மனைவி ஏணியிலிருந்து விழுந்தாள். வலது கை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து எங்கள் வீடு நிலைகுலைந்து போனது.

நாங்கள் கொல்லிமலையில் திண்ணனூர் நாடு என்னும் பகுதியில் இருக்கிறோம். எங்கள் பிழைப்பு மிளகுதான். கொடி உயரமான மரங்களில் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, அதன் கணுக்களில் கால் வைத்து ஏறிப் பறிக்க வேண்டும். பழுத்ததைப் பறிக்காமல் விட்டால் குருவி தின்னும், மீதி உதிர்ந்துவிடும்.

மனைவி மாவுக்கட்டோடு உட்கார்ந்ததும் வேலை எல்லாம் மகள் சங்கீதா மேல் விழுந்தது. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மாசி முடிந்தால் பொதுத் தேர்வு. விடியும் முன்பே எழுந்து மாட்டைப் பார்ப்பாள், சமைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் பறித்துப் போட்ட மிளகை மிதித்து உதிர்ப்பாள். பிறகு புத்தகத்தை எடுப்பாள். எடுத்த பக்கத்திலேயே தூங்கிவிடுவாள். அதுவரை எந்தப் பாடத்திலும் பெயிலானதில்லை. அந்த முறை திருப்புதல் தேர்வில் கணக்கிலும் இயற்பியலிலும் பெயில்.

அவளுடைய வகுப்பு டீச்சர் மலைக்குக் கீழே இருந்து வந்து வேலை பார்ப்பவர். போனில் கூப்பிட்டார். "முதல் பீரியட்லயே தூங்கி விழறா. பரீட்சை எழுதற புள்ளைகிட்ட என்னங்க இவ்வளவு வேலை வாங்கறீங்க?" என்றார். "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சங்கீதாவே சொன்னாள். "அப்பா, நான் பள்ளிக்கூடத்த விட்டு நின்னுக்கறேன். ரெண்டும் என்னால முடியல." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

"நாமளா முடிவு பண்ண வேண்டாங்க. சாமிகிட்டக் கேட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

எங்கள் ஊர்ப் பெரியண்ணசாமி கோயிலில் பூ கேட்கும் வழக்கம் உண்டு. சாமி கல்லின் உச்சியில் ஈரப் பூவை வைத்துவிட்டுக் கேள்வி கேட்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. இடப்பக்கம் விழுந்தால் கூடாது. கேள்வியை எல்லோர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனாலேயே நான் அதுவரை பூ கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை போனேன். கூட்டம் இருந்தது. பூசாரி என் மனைவியின் தம்பிதான். பூவை வைத்தார். நான் கேள்வியை வாய்க்குள்ளேயே சொன்னேன்.

"சத்தமாச் சொல்லுங்க மாமா. சாமிக்குக் கேட்டிருக்கும், எங்களுக்குத்தானுங்க கேக்கல" என்றார்.

"அவரு கல்யாணத்தன்னிக்கே வாயத் தொறக்கல, இன்னிக்கா தொறப்பாரு?" என்றது பின்னால் ஒரு பெண் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

கண்ணை மூடிக்கொண்டு, "எம்புள்ள படிப்ப நிறுத்திரட்டுங்களா சாமி?" என்றேன்.

பூ விழவில்லை. கற்பூரம் எரிந்து அணைந்தது. இன்னொன்று ஏற்றினார்கள். பூ அசையவே இல்லை.

"சாமி இதுக்கு வாயத் தொறக்கலீங்க மாமா. வேற மாதிரி கேளுங்க" என்றார் பூசாரி.

என்னிடம் வேறு கேள்வி இல்லை. படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்பதைத்தான் நாங்கள் வீட்டில் பேசினோம். வேலையை நிறுத்துவது பற்றி யாரும் நினைக்கவே இல்லை. வாயில் எப்படி வந்ததென்று தெரியவில்லை. "பரீட்சை முடியறவரைக்கும் எங்க ஊட்ல மிளகு பறிப்ப நிறுத்தி வெச்சரட்டுங்களா?" என்றேன்.

"இந்தாளுக்குக் கிறுக்கா? மிளகு அத்தனையும் குருவிக்கா?" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர்.

பூ வலப்பக்கம் விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஏணியை எடுத்து வைத்துவிட்டேன். உத்தரவு என்றால் உத்தரவுதான். அந்த வருட மிளகு போயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலை எங்கள் மிளகுக் காட்டில் பேச்சுச் சத்தம். போய்ப் பார்த்தால் மரத்தின் மேல் அதே பக்கத்துக் காட்டுக்காரர் மிளகு பறித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவியும் இன்னும் சிலரும்.

"ஏனுங்க, சாமி பறிக்க வேண்டாம்னுதானுங்களே சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"உங்க ஊட்டைத்தான் வேண்டாம்னிச்சு. எங்களை ஒண்ணும் சொல்லலையே. பறிச்சு உதுத்து உங்க களத்துலயே போட்டுடறோம். நீங்க போய்ப் புள்ளைக்குச் சோறாக்குங்க" என்றார்.

அப்படியே செய்தேன். சமையல் நான், மாடு நான். முதல் நாள் களி கட்டி தட்டியிருந்தது. சங்கீதா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலேயே இருந்து படித்துவிட்டு வந்தாள். டீச்சர் கூடவே இருந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தார்.

எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றாள். இயற்பியலில் தட்டுத் தடுமாறித்தான். இப்போது கீழே விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். தேர்வு முடிந்த பிறகு எனக்கு உதவியவர்களின் காடுகளில் போய் நானும் வேலை செய்தேன். மனைவியின் கையும் கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டால் இன்னும் கூச்சம்தான். ஆனாலும் முடியாததை முடியவில்லை என்று நாலு பேரிடம் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

இதைப் படிக்கிறவர்கள் வீட்டிலும் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கலாம். வேலையும் மலைபோல இருக்கலாம். நீங்கள் கும்பிடும் சாமி எதுவாக இருந்தாலும் தயங்காமல் போய் நில்லுங்கள். பிள்ளை படிக்க நேரம் கொடு என்று கேளுங்கள். கொடுக்கும். எங்களுக்குக் கொடுத்தது.