மூக்கைத் திறந்துகொண்டு நின்ற விமானம்

1. வால் எங்கே?

இருபத்தாறு வருடம் ரேம்ப்பில் வேலை செய்திருக்கிறேன். முதல் பதினாறு வருடம் வளைகுடாவில், மிச்சம் நம் நாட்டின் தெற்கே காட்டோரமாக இருக்கிற ஒரு விமான நிலையத்தில். ரேம்ப் என்றால் விமானங்கள் வந்து நிற்கிற கொங்கிரீட் தரை. அங்கே நான் சீனியர் சூப்பர்வைசர். வாரத்தில் நான்கு விமானம் வந்தால் அது எங்களுக்குப் பெருநாள். மிச்ச நேரம் மயில் விரட்டுவோம்.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு புதன்கிழமை காலை அந்த விமானம் எண்ணெய் அடிக்க வந்து இறங்கியது. விமானத்தின் உதிரிப் பாகங்களை ஒரு தொழிற்சாலையிலிருந்து இன்னொரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோவதற்கென்றே கட்டிய விமானம். இது பாரத்தைச் சுமக்கிற வண்டி அல்ல, பருமனைச் சுமக்கிற வண்டி. பைலட்மார் கீழே தாடைக்குள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேல் முதுகு முழுவதும் வீங்கிப்போய் மூன்று மாடி உயரத்துக்கு நிற்கும். மூக்கு அப்படியே மேலே திறக்கும். அன்றைக்கு உள்ளே இருந்தது ஒரே ஒரு சாமான்தான், ஒரு பயணிகள் விமானத்தின் வால்.

இரண்டு மணித்தியாலத்தில் எண்ணெய் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டியது. ஆனால் சரக்குப் பத்திரம் பார்க்கிற அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்கும் வாரத்தில் நான்கு விமானம்தான். பத்திரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"வால் ஒண்டு எண்டு போட்டிரிக்கி. வால் எங்க?" என்று கேட்டார்.

"உள்ளுக்க இரிக்கி சேர். இது ட்ரான்சிட் கார்கோ, இங்க இறக்கிறதில்ல."

"இறக்கச் சொல்லல்ல. காட்டச் சொல்லுறன். காணாத வாலுக்கு நான் எப்பிடிக் கையெழுத்துப் போடுற?"

விமானத்தோடு வந்த லோட்மாஸ்டர் ஒரு நெட்டை வெள்ளைக்காரர். சரக்கை ஏற்றி இறக்குகிற பொறுப்பு முழுக்க அவருக்குத்தான். மூக்கைத் திறக்க அவர் தயங்கினார். காற்றின் வேகம் இருபது நொட்ஸைத் தாண்டினால் மூக்கை அசைக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அந்த நேரம் எட்டு நொட்ஸ்தான் இருந்தது. மத்தியானம் காற்று எழும்பும் என்று வானிலைக் காரியாலயம் சொல்லியிருந்தது. அது தினமும் சொல்கிறதுதான்.

"உள்ளூர் ஆள் நீங்கள், என்ன சொல்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் என்னைக் கேட்டார்.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். நான் கிழக்குக் கரையில் இருக்கிற சாய்ந்தமருது ஆள். எங்களூரில் காற்றைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வானத்தைப் பார்க்க மாட்டோம், கடலுக்குப் போகிற சொந்தக்காரனைக் கேட்போம். என் பொஞ்சாதியின் தம்பி றசீது ஆழ்கடல் போட் ஓட்டுகிறவன். நான் வளைகுடாவில் இருந்த காலத்திலேயே மணல் காற்று வருமா என்று அவனைத்தான் கேட்பேன். அவனும் சளைக்காமல் சொல்லுவான். ஓரமாகப் போய் அவனுக்குப் போன் எடுத்தேன்.

"மச்சான், இண்டைக்கு காத்து எப்பிடி?"

"கச்சான் காத்து செத்துப்போச்சு மச்சான். கடல் தட்டு மாதிரிக் கிடக்கு. பொழுது பட்டாலும் எழும்பாது."

"நிச்சயமா?"

"நான் எப்பயாச்சும் பிழையாச் சொல்லியிரிக்கனா?"

போனை வைத்துவிட்டு வந்து, பொழுது படும்வரை காற்று வராது, இது எங்கள் பரம்பரை அறிவு என்று லோட்மாஸ்டரிடம் சொன்னேன். றசீது நின்றது சாய்ந்தமருதுக் கடற்கரையில். நாங்கள் நின்றது நாட்டின் மற்ற மூலையில். நடுவில் ஐந்து மணித்தியால வேன் ஓட்டம். இது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

மூக்கு திறந்தது. வால் இருந்தது. அதிகாரி ஏணியில் ஏறிப் பார்த்து, கையால் தட்டியும் பார்த்து, கையெழுத்துப் போட்டார். அவர் பேனையை மூடுவதற்கு முன் என் தொப்பி பறந்தது. கையிலிருந்த காற்று மீட்டரைத் தூக்கிப் பார்த்தேன். இருபத்தாறு நொட்ஸ்.

2. மஞ்சள் கோடு

மூக்கை மூட வேண்டுமென்றால் பத்து நிமிடம் தொடர்ச்சியாகக் காற்று இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும். புதன் பகல் இருக்கவில்லை, இரவும் இருக்கவில்லை. வியாழன் காலையில் ஏழு நிமிடம் இருந்தது. எட்டாவது நிமிடம் ஏறிவிட்டது.

எனக்கு வியாழனிலிருந்து லீவு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என் மூத்த மகள் சிப்னாவுக்கு நிக்காஹ். அவளுக்கு வலி நான், அதாவது மகளை மணம் முடித்துக் கொடுக்கிற உரிமையுள்ள வாப்பா. அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் பதினாறு வருடம் வெயிலில் நின்று, அவள் பெயரில் வீடு கட்டி முடித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், வீடு பெண்ணுக்கு. பள்ளியில் அவள் பரிசு வாங்கிய நாளிலும், உம்மா மௌத்தாகி அடக்கிய நாளிலும் நான் வளைகுடாவில் சூட்கேஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். இந்த நாளையாவது விடக்கூடாது என்று மூன்று மாதத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன்.

மெனேஜர் என்னைத் தடுக்கவில்லை. நல்ல மனிதர். "திறக்கலாம் என்று சொன்னது நீங்கள். போ என்றும் சொல்ல மாட்டேன், இரு என்றும் சொல்ல மாட்டேன்" என்றார். என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிற என் கையாள் நிமல் இன்னும் தெளிவாகச் சொன்னான். "நானா, நீங்க போங்க. மீட்டர் வாசிக்க எனக்கும் தெரியும்."

கம்பனிப் புத்தகத்தில், மூக்குத் திறந்திருக்கும்வரை ஒரு மூத்த அலுவலர் கால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை காற்றின் வேகத்தை வாசித்து ரேடியோவில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. மூத்த அலுவலர் நான். பிழை விட்டதும் நான். நிமல் வாசித்து ஏதும் ஆகிவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம். நான் இல்லாமல் இந்த ரேம்ப் நடக்காது என்ற கொழுப்பு இன்னொரு பக்கம். இன்றைக்கு மூடிவிடும், மூடியதும் போகிறேன் என்று வீட்டுக்குச் சொன்னேன். பொஞ்சாதி போனை என் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

வியாழன் பகல் அதிகாரி திரும்ப வந்தார்.

"ஒரு பிரச்சின இரிக்கி. மூக்குத் தெறந்து கிடந்தா வால் விமானத்துக்க இரிக்கா, நாட்டுக்க இரிக்கா?"

"விமானத்துக்க சேர்."

"வெயில் படுதே. நாட்டு வெயில்தானே?"

இதைப் பற்றி மெனேஜரும் அவரும் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்கள். கடைசியில், விமானத்தின் வாசலில் மஞ்சள் டேப்பால் ஒரு கோடு ஒட்டுவது, கோட்டுக்கு அந்தப் பக்கம் வெளிநாடு என்று முடிவானது. டேப் ஒட்டி ஐந்து நிமிடத்தில் இரண்டு மயில் வெளிநாடு போய்விட்டது. வாலின் மேலேறி உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது. அதிகாரி மயிலுக்கும் ஒரு படிவம் கேட்டார். தீயணைப்பு ஆட்கள் குடையை விரித்து விரித்து மூடி அதை விரட்டினார்கள். நிமல் சிரித்துச் சிரித்துத் தரையில் இருந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் றசீது மணிக்கு ஒரு தடவை போன் எடுத்தான். "மச்சான், இங்க காத்தே இல்ல. நீங்க ஏன் மூடாம இரிக்கிறீங்க?"

அவனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது.

3. இரண்டு கை, இரண்டு பேச்சு

வெள்ளி மத்தியானமும் இருபத்தி மூன்று. அப்போதே புறப்பட்டிருந்தாலும் அசருக்குப் போய்ச் சேர முடியாது. தம்பியிடம் சொன்னேன், "நான் போனில பொறுப்புத் தாறன், என்ட எடத்தில நீ இரி." மார்க்கத்தில் அதற்கு இடமிருக்கிறது. வலி இன்னொருவரைத் தன் வக்கீலாக, அதாவது தனக்குப் பதிலாக நின்று பேசுகிறவராக, ஆக்கலாம்.

"காக்கா, இன்னும் ஒருக்கா யோசிங்க," என்றான் தம்பி. "நிக்காஹ்வ நாளைக்கு வெப்பமா?"

"நானூறு பேருக்குச் சோறு வெந்துக்கிட்டு இரிக்கி. வேணா."

அசர் முடிந்ததும் போன் வந்தது. வீட்டு முற்றத்துப் பந்தலில் போனை மைக்குக்குக் கிட்ட வைத்திருந்தார்கள். மௌலவியின் குரல் லவுட்ஸ்பீக்கரில் எதிரொலித்து எனக்கே திரும்பி வந்தது. நான் விமானத்தின் மூக்குக்குக் கீழே நிற்கிறேன். இடது கையில் போன், வலது கையில் ரேடியோ, மீட்டரை நிமல் என் முகத்துக்கு நேரே பிடித்திருக்கிறான். அந்த நேரம் பார்த்துக் காற்று இறங்கத் தொடங்கியது, நானும் ஒவ்வொரு வாசிப்பாகச் சொல்லத் தொடங்கினேன்.

"ஹாஜியார், உங்கட மகள் சிப்னாவ நிக்காஹ் முடிச்சுக் குடுக்க, உங்கட தம்பிய வக்கீலா ஆக்கிறீங்களா?" என்று மௌலவி கேட்டார்.

மத்தியானத்திலிருந்து மனத்துக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள். கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஓம். என்ட மகள், என்ட மூத்த புள்ள சிப்னாவ, நிக்காஹ் முடிச்சுக் குடுக்க, என்ட தம்பிய நான் வக்கீலா ஆக்கினன். அல்லாஹ் அவளுக்கு பரக்கத் செய்யட்டும்."

கண்ணைத் திறந்தபோது என் வாய்க்கு முன்னால் இருந்தது ரேடியோ.

உடனே கட்டுப்பாட்டு டவரிலிருந்து ஆங்கிலத்தில், "கடைசியாகப் பேசிய நிலையம், திரும்பச் சொல்லுங்கள்" என்று வந்தது.

அதுவரை போனுக்குள் நான் என்ன சொன்னேன் என்று தம்பி பிறகு சொன்னான். பந்தலில் நானூறு பேருக்கும் கேட்டது இதுதான். "இருபத்தி ரெண்டு. இருபத்தி ஒண்டு. இருபது. பத்தொன்பது." மௌலவி பொறுமையானவர், எண்ணி முடிக்கட்டும் என்று பத்து நிமிடம் காத்திருந்துதான் கேட்டாராம். மாப்பிள்ளையின் வாப்பா மட்டும், "இவருக்கு ஏதும் சுகமில்லையா?" என்று கேட்டாராம்.

நான் போனைக் காதில் வைத்தேன். அதே நேரம் மேலேயிருந்து லோட்மாஸ்டர் கையைச் சுழற்றிக் கத்தினார். பத்து நிமிடம் முடிந்துவிட்டது, மூக்கு இறங்கப் போகிறது, எல்லோரும் விலகச் சொல்கிறார். நான் ஓடிக்கொண்டே, "ஓம் ஓம் மௌலவி, தம்பிய ஆக்கினன், ஆக்கினன், முடிச்சுக் குடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மூக்கு மெல்ல இறங்கி மூடியது. நான் லோட்மாஸ்டரிடம் போய், மூன்று நாள் வாசிப்பையும் எழுதிய புத்தகத்தை நீட்டினேன். அவர் அன்பாகப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"இது எங்களுக்கு வேண்டாம். விமானத்திலேயே மீட்டர் இருக்கிறது, நாங்கள் அதைத்தான் பார்ப்போம்" என்றார்.

"அப்படியானால் நான் ஏன் வாசித்தேன்?"

"நீங்களாக வாசித்து எழுதிக்கொள்கிறீர்கள், உங்கள் கம்பனி வழக்கமாக்கும் என்று நினைத்தோம்."

மெனேஜரிடம் போய்க் கேட்டேன். விமானக்காரர்கள் கேட்டதால்தான் அந்த விதியைப் புத்தகத்தில் போட்டதாக அவர் நினைத்திருந்தார். யாருமே கேட்கவில்லை. நிமல் பக்கத்தில் நின்று தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

4. மருமகன் கதவு திறந்தார்

சனிக்கிழமை காலை ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். நான் கட்டிய வீட்டின் கேட்டை நான் தட்ட, புது மருமகன் இடுப்பில் சாரத்தோடு வந்து திறந்தார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாமா. உள்ளுக்கு வாங்க. இரிங்க," என்றார். என் கதிரையில் என்னை இருத்தி, தண்ணீர் கொண்டுவந்து தந்தார். முறை அதுதான், பிழை சொல்ல முடியாது. வீடு இப்போது அவர்களுடையது. ஆனால் நேற்றுப் பின்னேரம் இந்த முற்றத்தில் நான் அவரை வரவேற்றிருக்க வேண்டும், அவர் கையைப் பிடித்திருக்க வேண்டும். அந்தக் கையில் தண்ணீரை வாங்கியபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

சிப்னா சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள்.

"மகள், நான் சொன்னது கேட்டிச்சா?"

"கேட்டிச்சு வாப்பா. முதல்ல கணக்கு எண்ணினீங்க. பொறகு, பஸ் போயிரும் எண்டு ஓடுற ஆள் மாதிரிச் சொன்னீங்க."

அவள் கோபித்துச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். நல்லதாகச் சொன்னதை டவரும் தீயணைப்புக்காரரும் ஒரு வெள்ளைக்காரரும் கேட்டார்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. யாருக்காகச் சொன்னேனோ அவள் கேட்கவில்லை. நான் எழும்பி நின்று, அந்த வார்த்தைகளை முதலிலிருந்து, அவள் முகத்தைப் பார்த்து, மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

"இப்ப எதுக்கு வாப்பா, நேத்தே முடிஞ்சிட்டே," என்றாள். ஆனாலும் நான் முடிக்கும்வரை தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் அழுதுவிட்டேன், மருமகனுக்கு முன்னால்தான்.

ரேம்ப்புக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். எழுதிக் கொடுத்த லீவு நாள் வந்தால் புறப்பட்டுப் போய்விடுங்கள். மீட்டரை நிமல் வாசிப்பான். அவன் என்னை விட நன்றாகவே வாசிப்பான்.