மூவ் ஆகாத நெல்

கல்லூரியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். 'மூவ்' என்றால் நகர், நகர்த்து, வீடு மாறு, மனத்தை உருக்கு என்று மாணவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் எங்கள் ஊரில் என்ன பாடு படுத்தும் என்பது குறுவை அறுப்புக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரத்தநாடு பக்கம் ஒரு நெல் கொள்முதல் நிலையத்தில், அம்மாவும் நானும் வெளியே நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்துக் கிடந்தோம். கேட்கும்போதெல்லாம் எழுத்தர், "உள்ள இருக்கிற மூட்டை மூவ் ஆனாத்தான் உங்களுத எடுக்க முடியும்மா" என்றார். ஏற்றிப்போக லாரி ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஃபைல் மேல மூவ் ஆயிருக்குங்க" என்றார், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்து நெல் முளைத்துவிட்டது. அம்மா அதில் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மறுநாள் காலை முளைத்த நெல்லை நடுரோட்டில் கொட்டி, ஊரோடு உட்கார்ந்தோம். ஜீப்பில் வந்த போலீஸ் அதிகாரி, "எல்லாரும் மூவ் பண்ணுங்க, மூவ்!" என்று கத்தினார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் அது வாரக்கணக்கில் கேட்ட சொல். "மொதல்ல மூட்டைய மூவ் பண்ணச் சொல்லுங்க சார். அப்பறம் நாங்க எந்திரிக்கிறோம்" என்றாள்.

மதியத்துக்குள் லாரி வந்தது. உள்ளிருந்த மூட்டைகள் போயின. எங்கள் நெல்லை மட்டும் ஈரமென்று தள்ளிவிட்டார்கள். எழுத்தரை வாய்க்கு வந்தபடி ஏசினேன். நெல் கோழித் தீவனத்துக்குத்தான் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.