குடியிருக்கத் தகுதியற்றது

அண்ணன் இறந்த அதே வாரத்தில்தான் சங்கத்தின் செய்தி இதழ் தபாலில் வந்தது. முதல் பக்கத்தில் அவளுடைய படம்.

கட்டட விதி அலுவலர்கள் சங்கம் என்று ஒன்று இருப்பதே அதில் இருப்பவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. வீடு கட்ட அனுமதி கொடுக்கிறவர்கள், கட்டிய வீட்டைச் சோதிக்கிறவர்கள், இடியப்போகிற வீட்டை மூடச் சொல்கிறவர்கள் சேர்ந்து வைத்த சங்கம் அது. இதழில் வருவதெல்லாம் மாடிப்படிக் கைப்பிடியின் புதிய உயரம், யாருக்கு மாற்றல், யார் ஓய்வு, அடுத்த பயிற்சி வகுப்பு எங்கே என்பதுதான். அதை முழுக்கப் படிக்கிற ஒரே ஆள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் என்று உறுப்பினர்களே சொல்லிச் சிரிப்பார்கள். இந்த முறை அதில் ஒரு கதை வந்திருந்தது. ‘சொந்தம் பார்க்காத கையெழுத்து’ என்று தலைப்பு. அவள் அதைப் பிரிக்காமல் மடித்து அலமாரியில் செருகிவிட்டாள்.

மேஸ்திரிகள் அவளுக்கு வைத்த பெயர் டொக்கு. கட்டடம் சோதிக்கப் போகும்போது கையோடு ஒரு சின்னச் சுத்தியல் வைத்திருப்பாள். எந்தத் தூணைப் பார்த்தாலும் ‘டொக் டொக்’ என்று தட்டிக் காது கொடுப்பாள். நல்ல தூண் கணீரென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்த தூண் சளி கட்டிய நெஞ்சு மாதிரிப் பொத்தென்று இருமும். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தட்டிக் கழித்தாள். தூணைத் தட்டவே நேரம் போதவில்லை என்று அண்ணன் கேலி செய்வான்.

அவளை வளர்த்தது அவன்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, லாரி ஓட்டிப் படிக்க வைத்தான். அண்ணி அந்த வீட்டுக்குள் வந்தபோது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். தினமும் காலையில் தலை பின்னி விடுவது அண்ணிதான். பின்னல் இறுக்கமாக இருக்கும், கண் இழுத்துக்கொள்ளும். வலிக்கிறது என்றால், “தளர்வாப் போட்டா சாயங்காலம் பிச்சைக்காரி மாதிரி வருவ” என்பாள். அவளுக்கு ஐம்பதை நெருங்கும் வயதிலும் அண்ணன் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டான்.

அண்ணனும் அண்ணியும் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே கடைகள், மேலே குடித்தனங்கள். பிள்ளைகள் இல்லை. அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளி. குடையை ஊன்றிக்கொண்டு அவனே நடந்து போய் வந்துவிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அங்கே சாப்பிட உட்கார்ந்திருந்தாள். கை கழுவ எழுந்தபோது குளியலறைக் கதவு மூடவில்லை. மழையில் மரம் ஊதிவிட்டது, தச்சன் வந்து இரண்டு தடவை இழைத்துவிட்டுப் போனான் என்றாள் அண்ணி. மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. அவள் கதவைப் பார்த்தாள். நிலையின் மேல் மூலையில் ஒரு பக்கம் விரல் போகும் இடைவெளி. மறுபக்கம் தாள்கூட நுழையாது. மரம் ஊதவில்லை. நிலை சாய்ந்திருக்கிறது. நிலை தானாகச் சாயாது.

“என்ன பாப்பா, தட்டுல பாதிய வெச்சுட்டுக் கெளம்பற?” என்று அண்ணன் கேட்டது படியிறங்கும்போது கேட்டது.

கீழே ஒரு கடையின் பின்னறையில், மூட்டைகளுக்குப் பின்னால் அந்தத் தூண் இருந்தது. மாடித் தொட்டியிலிருந்து வருகிற குழாய் பல வருடங்களாக அதன்மேல் கசிந்திருக்கிறது. பூச்சு வயிறு மாதிரித் தள்ளியிருந்தது. கடைக்காரரிடம் சொல்லி மூட்டைகளை நகர்த்தித் தட்டினாள். இருமியது. இன்னொரு தட்டில் பூச்சு உள்ளங்கை அகலத்துக்கு விழுந்தது. உள்ளே கம்பி இருக்க வேண்டிய இடத்தில் செந்தூள்.

தன் உறவினர் குடியிருக்கும் கட்டடம் என்பதால் தலைமை அலுவலகத்துக்கு எழுதி வேறொரு பொறியாளரை வரவழைத்தாள். அவர் பார்த்துவிட்டு அவளைவிடக் கடுமையாகச் சொன்னார்: ஆள் இருக்கும்போது முட்டுக் கொடுக்கவே கூடாது, ஒரு அசைவில் மேல்பாரம் இறங்கிவிடும். முதலில் காலி செய்ய வேண்டும், பிறகு முட்டு, பிறகு தூணை மாற்றிக் கட்டலாம், கட்டடம் பிழைக்கும். அந்தப் பகுதிக்கு அலுவலர் அவள். கையெழுத்து அவளுடையது. அவரையே போடச் சொல்லியிருக்கலாம். யோசிக்காமலும் இல்லை. அண்ணனிடமிருந்து இன்னொருத்தர் பெயருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள மனம் வரவில்லை.

‘குடியிருக்கத் தகுதியற்றது’ என்று சிவப்பு எழுத்தில் இருந்த அறிவிப்பை வாசலில் ஒட்டியதும் அவள்தான். அண்ணி மாடி வளைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“திரும்பி வந்துருவோம்ல?”

“வந்துருவீங்க அண்ணி. தூணை மாத்திட்டா வரலாம். சில மாசந்தான்.”

“உன் வாயால சொல்ற. நம்பறேன்.”

தன்னுடன் வந்து இருக்கச் சொன்னாள். அவள் குடியிருப்பு நகரத்தின் மறுகோடியில் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து இன்னும் தூரம், படியும் அதிகம். அண்ணன் மாட்டேன் என்றுவிட்டான். அரசாங்கம் புறநகரில் ஒதுக்கிய வீட்டுக்கு எல்லாக் குடித்தனங்களோடும் அவர்களும் போனார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தாள். அண்ணனின் முகம் உப்பியிருந்தது. கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன், தூக்கம் அதிகம், அதான் என்பான். வாரம் மூன்று முறை என்பது இரண்டாகி, ஒன்றாகியிருந்ததை அவளிடம் மறைத்தான். பஸ்ஸில் நின்று போய், அங்கே படுத்திருந்து, திரும்பவும் நின்று வருவது அவனால் முடியவில்லை. வண்டி வைத்துக் கூட்டிப் போகிறேன் என்று அவள் சொன்ன ஒவ்வொரு முறையும், உனக்கு ஆபீஸ் இருக்கு பாப்பா என்று தட்டிவிட்டான். ஒரு விடியலில் நுரையீரலில் நீர் கோத்து, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அண்ணி அழுததை அவள் பார்க்கவில்லை. தோளில் கை வைத்தபோது, ஈ விழுந்ததைப் போல அண்ணி தோளைக் குலுக்கினாள், அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து மறுபடியும் போனாள். கிளம்பும்போது, “போயிட்டு வரேன் அண்ணி” என்றாள்.

“போ” என்றாள் அண்ணி.

பழைய கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்திருப்பதை அவள் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது பார்த்தாள். முட்டுக் கொடுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். இறங்கி உள்ளே போனால் மூன்றாம் மாடி இல்லை. இடிக்க அனுமதி கொடுப்பது வேறு பிரிவு. அவளைக் கேட்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. மேஸ்திரி அவளை அடையாளம் கண்டுகொண்டு அந்தத் தூணின் மிச்சத்தைக் காட்டினான். கம்பியை விரலால் உரித்துக் காட்டினான். இது எப்போது வேண்டுமானாலும் போயிருக்கும்மா என்றான். அவளுக்கு அதில் ஆறுதல் வர வேண்டும். வரவில்லை.

அங்கே நின்றிருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் அவளைக் கண்டதும் நாற்காலி போடச் சொன்னார். நல்ல மரியாதைக்காரர்.

“பல வருஷமா கோர்ட்டுக்கு அலைஞ்சேன்மா. ஒரு குடித்தனத்தக்கூட நகத்த முடியல. நீங்க ஒரு கையெழுத்துல முடிச்சுக் குடுத்துட்டீங்க.”

தூணை மாற்றிக் கட்டச் சொல்லித்தானே உத்தரவு என்று அவள் கேட்டாள். காலி செய்யத்தான் தேதி போட்டிருந்தது, கட்டுவதற்குத் தேதி போடவில்லையே என்றார் அவர். அது உண்மை. உத்தரவின் வாசகம் அப்படித்தான். அத்தனை வருடமும் அந்த வாசகத்தில்தான் அவள் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறாள்.

இதற்கு நடுவில் சங்கத் தலைவர் பேசினார். ஆண்டு மாநாட்டில் அவளுக்கு விருது. வேண்டாம் என்றாள். தலைவர் கெட்டவர் இல்லை. அந்த வருடம்தான் வேறோர் ஊரில் ஓர் உறுப்பினர், குடித்தனக்காரர்களின் அழுகைக்கு இரங்கி உத்தரவைத் தள்ளிப்போட்டார். கட்டடம் விழுந்தது. ஒரு குடும்பத்தில் ஒருத்தர் மிச்சமில்லை. அவர் இப்போது சிறையில் இருக்கிறார். “பயந்துபோய் இருக்காங்கம்மா நம்ம ஆளுங்க. ஒருத்தர் துணிஞ்சு செஞ்சாங்கன்னு நாலு பேருக்குத் தெரியணும்” என்றார் தலைவர். அவள் ஒப்புக்கொண்டாள். ஒரு நிபந்தனை வைத்தாள். தனக்கு ஒரு தீர்மானம் கொண்டுவர நேரம் கொடுக்க வேண்டும்.

மாநாட்டு மண்டபத்தில் கழுத்து அட்டை, துணிப்பை, தீயைத் தாங்கும் கதவு விற்கிறவர்களின் மேசைகள். கட்டட அலுவலர்களை ஒரு மண்டபத்தில் உட்கார வைப்பதைப் போன்ற பாவம் வேறில்லை. அத்தனை பேரும் மேடையை விட்டுவிட்டுக் கூரையைப் பார்த்தார்கள். அவசர வாசலை மறித்து நாற்காலி அடுக்கியிருந்ததைப் பற்றி ஏழெட்டுப் பேர் தனித்தனியாகப் புகார் சொன்னார்கள். யாரும் எழுந்து நகர்த்தவில்லை. கடைசியில் அவளே நகர்த்தினாள். கண்ணாடியில் செய்த ஒரு குட்டிக் கட்டடத்தை அவள் கையில் கொடுத்தார்கள். கைதட்டினார்கள்.

பிறகு அவள் தீர்மானத்தைப் படித்தாள். காலி செய்யச் சொல்லும் உத்தரவிலேயே பழுது பார்த்து முடிக்கவும் தேதி போட வேண்டும். வெளியேறியவர்களுக்கு வழி செய்யாமல் இடிக்க அனுமதி கூடாது. இந்தத் திருத்தத்தை அரசுக்குச் சங்கம் அனுப்ப வேண்டும். தன் அண்ணனைப் பற்றி அவள் சொல்லவில்லை. சொல்ல நினைத்து வந்திருந்தாள். விருதை வைத்திருந்த கையோடு அதைச் சொன்னால் அவனை விற்கிற மாதிரி இருக்கும் என்று தோன்றிவிட்டது.

மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்தார். நம் சட்டம் சுவருக்கு, மனிதர்களுக்கு வேறு இலாகா இருக்கிறது என்றார். இன்னொருவர், தேதி போட்டுவிட்டால் அதற்கும் நம்மைத்தான் பிடித்து உள்ளே போடுவார்கள் என்றார். அது சிரிப்பை வரவழைத்தது, ஆனால் சிரித்த அத்தனை பேருக்கும் அந்தப் பயம் உண்மையிலேயே இருந்தது. ஆதரித்துத் தூக்கிய கைகள் மிகக் குறைவு, தலைவர் எண்ண வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. தீர்மானம் துணைக்குழுவுக்குப் போனது. கிணற்றில் போட்ட கல்.

பின்வரிசையில் கையைத் தூக்கியவர்களில் ஒருவன், கன்னத்தில் மச்சம் உள்ளவன், தேநீர் இடைவேளையில் அவளிடம் வந்தான். புறநகர்ப் பகுதிக்கு அலுவலர் தான்தான் என்று சொல்லி எண் கொடுத்துவிட்டுப் போனான்.

மழைக்காலம் வந்தபோது அவள் அண்ணியைப் பார்க்கப் போனாள். அரசாங்க வீடுதான், புதிதும்கூட. ஆனால் படியேறும் முன்பே கண் மேலே போய்விட்டது. அண்ணி வீட்டுப் பால்கனியின் அடிப்பக்கம் பூச்சு உதிர்ந்து, கம்பிகள் விலா எலும்பு மாதிரித் தெரிந்தன. ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. மேலே அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் உட்கார்ந்தாள். ஏதேதோ பேசப் பார்த்தாள். அண்ணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்துட்ட.”

“பாத்துட்டேன் அண்ணி.”

“இந்த வீட்டத் தட்டிப் பாக்காத. இன்னொரு வீடு மாற என்னால ஆகாது. விழுந்தா விழட்டும்.”

“எழுதாம இருக்க முடியாது.”

“முடியாதுதான். ஒன்னைத் தெரியாதா எனக்கு?”

அண்ணி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் துலக்குகிற சத்தம் மட்டும் வந்தது. அவள் படியில் போய் நின்று மச்சக்காரனைப் போனில் கூப்பிட்டாள். இது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற தளம்தான், தூண் இல்லை. பால்கனிக் கதவுகளை மட்டும் பூட்டிவிட்டு, கீழிருந்து முட்டுக் கொடுத்துப் பழுது பார்க்கலாம், யாரும் வெளியேற வேண்டியதில்லை என்றாள். அவன் மாலைக்குள் வந்தான். உத்தரவில், விதியில் இல்லாவிட்டாலும், வேலை முடிக்க ஒரு தேதியைக் கையால் எழுதினான். மேலதிகாரி கேட்டால் என்ன சொல்வாய் என்று அவள் கேட்டதற்கு, கேட்கட்டும், பார்க்கலாம் என்றான்.

மறுநாளே முட்டுகள் வந்து இறங்கின. கீழ்த்தளத்திலிருந்து மேல்வரை, ஒவ்வொரு மாடி பால்கனிக்கும் இரும்புக் கால்கள். வேலை முடியும்வரை அவள் அலுவலகம் போகும் முன் அங்கே போய் நின்றாள். தேதி தவறியது. ஆனால் வேலை நடந்தது. குடித்தனங்கள் முட்டுகளின் ஊடே துணியும் மிதிவண்டியும் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

கடைசி நாள் ஆட்கள் முட்டுகளைக் கழற்றி லாரியில் ஏற்றும்போது அண்ணி இறங்கி வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

“இத அன்னிக்கே செஞ்சிருக்கலாமே” என்றாள் அண்ணி.

அன்றைக்கு அது முடியாது. அது தூண், இது பால்கனி. ஆள் இருக்கும்போது அந்தத் தூணில் கை வைத்திருந்தால் மொத்தமும் இறங்கியிருக்கும். இதை யாருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்ல அவளுக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் புதிதாக வருகிறவர்களுக்கு வருடா வருடம் சொல்கிறாள்.

“ஆமா அண்ணி” என்றாள்.

அண்ணி தலையை மட்டும் அசைத்தாள். லாரி போன பிறகு, மழை வருவதற்குள் துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.