இரண்டு இழை

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிரிவினைப் பாடம் நடத்தும் நாளில் எனக்குக் கோபம் வந்துவிடும். இந்த மண்ணை அதற்கு முன் மிதித்தே இராத ஒரு வெள்ளைக்கார வக்கீலை வரவழைத்து, ஐந்தே வாரத்தில் கோடு போடச் சொன்னார்கள். போட்ட கோட்டையும் சுதந்திரக் கொடி ஏறும்வரை வெளியே காட்டவில்லை. எந்த நாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாமல் ஜனங்கள் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாபில் அந்தக் கோட்டோரம்தான் என் மகன் பட்டாளத்தில் காவல் நிற்கிறான்.

அன்று கரும்பலகையில் கோட்டை இழுத்துவிட்டு இடைவேளைக்கு வந்தால் அவனிடமிருந்து போன்.

"லீவ ரத்து பண்ணிட்டாவம்மா. இப்ப ஊருக்கு வரல. பொறவு பேசுதேன்."

ஏன் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டான்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியிலிருந்து பஸ் ஏறி இராஜபாளையம் வந்து சேர்ந்தேன். வீட்டுக்குப் பின்னால் எங்கள் பேண்டேஜ் தறிக்கூடம், ஆறே தறிகள். என் கணவர் தறி ஓட்டுபவர்களுக்குப் பால்கோவா கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, வாயத் தொற. எம்புட்டுப் பெரிய ஆர்டர் தெரியுமா? ஞாயித்துக்கெழமையும் தறி ஓடணும்."

"யாருக்குங்க?"

"மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு. ரொம்ப அவசரமாம்."

மகன் சொன்னதைச் சொன்னேன். டப்பாவை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்தபடியே நின்றார் மனுஷன்.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவசர ஆர்டர் என்றால் அங்குலத்துக்கு இரண்டு இழை குறைத்து ஓட்டுவோம். துணி சீக்கிரம் இறங்கும், நூலும் மிச்சம். கண்ணால் பார்த்தால் தெரியாது, ரத்தம் பட்டால்தான் தெரியும். ஐந்து வாரத்துக் கோட்டைப் பற்றி வகுப்பில் அவ்வளவு பேசுகிற நான், வீட்டில் இதைப் பற்றி ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை.

அவர் டப்பாவைத் தரையில் வைத்துவிட்டு முதல் தறிக்குப் போனார்.

"ஏலே, நிறுத்து. எல்லாத்தையும் நிறுத்து. இந்த ஆர்டர்ல ஒத்த இழை கொறையப்படாது."

ஒவ்வொன்றாக ஆறு தறிகளும் ஓய்ந்தன. வேலை நேரத்தில் அந்தக் கூடம் அப்படி அமைதியாகி நான் பார்த்ததே இல்லை. அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"போன மாசமும் மிலிட்டரிக்குத்தான அவசரமா அனுப்புனோம்? அது எத்தன இழையில நெய்தது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, அறுந்து கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் அங்க போயி எறங்கியாச்சு" என்றார்.