கவிழ்த்து வைத்த ரொட்டி

லெயோனி மர்ஷாதியே சின்ன வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டுக் கையுறைப் பட்டறையில் தோல் தைத்தாள். துவைக்கும் துறையில் பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு அவள் எழுதிய சிறு கட்டுரை பிரான்சின் லிமோஜ் நகரப் பத்திரிகையில் வந்த அன்று, ஊசியைத் தோலிலேயே விட்டுவிட்டு எழுந்தாள். பிறகு அதுவே தொழிலாயிற்று. கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதினாள்.

போரில் ஜெர்மானியர் வந்து ஊரைப் பிடித்த பின்னும் எழுதினாள். சமையல் பக்கம்தானே, அதில் என்ன கெடுதல்?

ஊரே தவிட்டு ரொட்டி தின்ற அந்த நாளில், மாவாலைக்காரர் ஃபிர்மேன் அவளை விருந்துக்கு அழைத்தார். மேசையில் வெள்ளை ரொட்டி இருந்தது. தலைக்கு மேலே பரணில் காலடிச் சத்தம். ஜெர்மனிக்குக் கட்டாயக் கூலி வேலைக்குப் போகாமல் ஒளிந்திருந்த அவர் மகன் லூசியேன். அந்த விருந்தைப் பற்றி எழுதியபோது காலடியை அவள் எழுதவில்லை. ஃபிர்மேன் பெயரையும் எழுதவில்லை. வாசல் அக்ரூட் மரத்தையும் தண்ணீர்ச் சக்கரத்தையும் மட்டும் விட மனம் வரவில்லை.

பத்திரிகை வந்த மறுநாள், திருட்டு மாவு அரைத்ததாக ஃபிர்மேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ரொட்டிக் கடையில் வரிசை அவளை விட்டு விலகி நின்றது. கடைக்காரி எர்னஸ்தீன் லெயோனியின் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தாள். முன்பெல்லாம் தலை வெட்டுகிறவனுக்கு எடுத்து வைக்கும் ரொட்டியைத்தான் அப்படி வைப்பார்கள்; வேறு எங்கே கவிழ்ந்து கிடந்தாலும் சாவுச் சகுனம் என்று பெண்கள் உடனே நிமிர்த்திவிடுவார்கள்.

"ரொட்டி கவுந்து கெடக்கு, எர்னஸ்தீன்."

"தெரியும் மதாம். ஆளுக்குத் தக்கபடிதான வைக்க முடியும்?"

பின்னாலிருந்து ஒருத்தி, "பாத்துடி, உன் பாவாடைக் கிழிசலையும் எழுதிடப் போறா" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டார். "சாயங்காலம் ஆலைக்கு ஜெர்மன்காரங்க வண்டி போகுது, லெயோனி. எந்த ரூம் எங்க இருக்குன்னு நீதான் காட்டணுமாம். இந்தத் தடவ மாவு தேடி இல்ல, ஆளத் தேடி."

வண்டிக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று சைக்கிளை மிதித்தாள். ஆலைப் பாலத்தில் போலீஸ்காரன் நின்றான். பேசினால் அவன் காதில் விழும் தூரம்.

ஃபிர்மேனின் மனைவி மார்த் ஜன்னலில் நின்றாள். "இன்னும் எதப் பாக்க வந்த?"

"ரொட்டி குடுத்துட்டுப் போக வந்தேன், மார்த்."

"எங்க ரொட்டியத் தின்னுட்டு எங்களையே தின்னுட்ட. வெச்சுட்டு நட."

லெயோனி ரொட்டியை வாசற்படியில் கவிழ்த்து வைத்தாள். இந்த ஊர்ப் பெண்ணுக்கு இது புரியாதா? கொல்ல வருகிறார்கள், மகனை அனுப்பிவிடு.

அக்ரூட் மரத்தடியில் நின்று பார்த்தாள். கதவு திறந்தது. மார்த் குனிந்தாள். கவிழ்ந்த ரொட்டியைக் கண்டதும் இந்த ஊரில் எந்தப் பெண்ணின் கையும் செய்வதை அவள் கையும் செய்தது. யோசிக்காமல் நிமிர்த்தி வைத்தது. பிறகு ரொட்டியை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

லெயோனி வாசலை நோக்கி ஓடினாள்.

"அங்கயா இருக்கீங்க மதாம்?" என்றான் போலீஸ்காரன். "நல்லதாப் போச்சு. வண்டி வந்துருச்சு."

பரணில் யாரோ நடக்கும் சத்தம் வாசல்வரை கேட்டது.