மாமி வீட்டு மீர்கட்டுகள்

மீர்கட்டைப் பார்த்து உருகும் சனத்தோடு எனக்கு ஒத்துவராது. ஆபிரிக்காவின் வறண்ட மணலில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் கீரி இனம் அது. விடிந்ததும் வெளியே வந்து வரிசையாக நின்று வயிற்றை வெயிலுக்குக் காட்டும். மற்றவை இரை தோண்டும்போது ஒன்று மேட்டில் ஏறிக் காவல் நிற்கும். பெரியது தேளின் கொடுக்கைக் கடித்தெறிந்துவிட்டுக் குட்டிக்குக் கொடுக்கும். இவ்வளவையும் இனிய இசையோடு காட்டித் தொலைக்காட்சிக்காரர்கள் நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தைக் காட்டினால் யார் பார்ப்பார்கள்?

அப்படி ஒரு படம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை, மவுண்ட் ஆல்பர்ட்டில் என் தாய்மாமன் வீட்டில் இருந்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி; நான் அங்கேயே தங்கிப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தேன். ஹீட்டருக்கு முன்னால் நல்ல நாற்காலியில் மாமி, மடியில் கைக்குழந்தை. தரையில் மாமியின் தங்கை. கொழும்பில் வீடு எரிந்தபின் கணவனோடு இந்தத் தென்கோடித் தீவுநாட்டுக்கு வந்து சேர்ந்தவர், அப்போது கர்ப்பிணி. நான் அவரை அக்கா என்பேன். அத்தானுக்கு மங்கரேயில், விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை.

“பாத்தியளே, என்ன ஒற்றுமை! ஒண்டின்ர பிள்ளையை எல்லாம் சேந்து வளக்குது. எங்கட சனத்துக்கு உது வருமே?” என்றார் மாமி.

என் வாய் சும்மா இருக்காது. எங்கள் விரிவுரையாளர் அந்த மணலில் மாதக்கணக்காகக் கிடந்து பார்த்தவர்.

“அந்த ஒண்டு ஆரெண்டு தெரியுமோ, மாமி? கூட்டத்துக்கு ஒரு பெரிய பெட்டை. குட்டி போடுறது அவதான், மற்றதுகள் பாத்துக்கொள்ள வேணும். வேற ஒருத்தி வயித்தில வாங்கினா, கடிச்சுக் கூட்டத்தை விட்டே கலைச்சுப்போடுவா. சொந்தத் தங்கச்சியெண்டாலும் ஒண்டுதான்.”

“சீ! காசு கட்டி உந்தக் கதையளைத்தானோ படிக்கிறாய்?”

மாமா பத்திரிகைக்குப் பின்னால் இருமினார். அக்கா திரையையே பார்த்தபடி இருந்தார்.

மாமி கடிக்கவில்லை, மாமி படித்தவர். முதலில் சுடுநீர் போதவில்லை என்றார். பிறகு நாப்பித்துணி காயப்போட ஒரு கொடிதான் இருக்கிறது என்றார். கடைசியில், சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: “ரெண்டு குழந்தை ஒரு வீட்டில சரிவராது. ஒடாஹுஹுவில ஒரு அறை எடுத்தா அவருக்கும் வேலை கிட்ட. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்.”

பிள்ளை பெறும்வரை எங்களோடேயே இரு என்று விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதவரும் இவர்தான். மாமா இன்னொரு அப்பளம் கேட்டார். ஆண் மீர்கட்டுகளைப் பற்றி விரிவுரையாளர் அதிகம் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்தபின் நான் கேட்கவும் இல்லை.

ஓகஸ்ட் குளிர்மழையில் அக்காவும் அத்தானும் போனார்கள். கடைக்கு மேல் ஒரு மாடி அறை, சுவர் முழுக்க ஈரம். பெட்டி தூக்கப் போன என்னிடம் அக்கா கேட்டார்:

“கலைச்ச பிறகு அதுக்கு என்ன நடக்கும்?”

“சிலது திரும்பி வரும். வந்து பெரியவளின்ர குட்டிக்குக் காவல் இருக்கும்.” வயிற்றில் இருப்பது அநேகமாகத் தங்காது என்ற மிச்சத்தை விழுங்கிக்கொண்டேன்.

“மானங்கெட்டதுகள்,” என்றார் அக்கா.

மாமி மறுபடி வேலைக்குப் போகும் நாள் நெருங்கியது. குழந்தையை யார் பார்ப்பது? தங்கைக்கு டெலிபோன் எடுத்தார். “திங்கள் விடிய ரெயிலில வா. பின்னேரம் போகலாம். உனக்கும் ஒரு பழக்கமா இருக்குமெல்லே?” கூச்சமே இல்லாத குரல். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

“ஏலாதாம்! பக்கத்து அறைச் சமோவாக்காரியோட கிளினிக் போறாவாம்.” பிறகு தானே சமாதானம் சொன்னார். “வருவாள். எங்க போறது?”

வருவார் என்றுதான் நானும் நினைத்தேன். பாடம் அப்படித்தானே சொல்கிறது.

திங்கட்கிழமை காலை மாமி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலில் நிமிர்ந்து நின்று, கழுத்தை நீட்டி ஸ்டேஷன் பக்கம் பார்த்தார். ஒரு வண்டி வந்து போனது. அடுத்ததும் போனது. தலை மெல்ல என் பக்கம் திரும்பியது.

“பிள்ளை, உனக்கு இண்டைக்கு வகுப்பு எத்தினை மணிக்கு?”

“இப்ப, மாமி. பின்னேரம் வரைக்கும்.”

திங்கட்கிழமைகளில் எனக்கு வகுப்பே கிடையாது. பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

ஒடாஹுஹுவில் மழை விட்டிருந்தது. கடைக்குப் பின்னால், மாடிப்படியில் விழுந்த துண்டு வெயிலுக்கு வயிற்றைக் காட்டிக்கொண்டு அக்கா இருந்தார். வயிறு இன்னும் பெரிதாகியிருந்தது. என்னையும் பையையும் மேலும் கீழும் பார்த்தார்.

“என்னடி, உன்னையும் கலைச்சவவோ? இல்லை, நீயாத்தான் வந்தியோ?”